லென்ஸ் இல்லாத சினிமாஸ்கோப்

எங்கள் தோட்டத்தில் திரை ஒன்றுதான். ஜாசின் வட்டாரத்துக் கித்தா தோட்டம். சம்பளம் போட்ட வாரத்தில், பெரட்டுக்களத்தை ஒட்டிய திடலில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு அளவு என்ன என்று கேட்டவர் யாருமில்லை. படம் போடுகிறவர் துணியடியிலிருந்து காலடியை எண்ணிக்கொண்டே நடந்துபோய் ஓரிடத்தில் மேசையைப் போடச் சொல்வார். 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் அதன்மேல் ஏறும். தொழில்நுட்பம் அத்துடன் முடிந்தது. மிச்சத்தை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். சிறுசுகள் மண்ணில், பெரியவர்கள் பாயில், கிராணி வீட்டார் நாற்காலியில், இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம். பின்பக்கத்தாருக்கு எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார். பெயர் போடும்போது எழுத்தெல்லாம் திரும்பியிருக்கும். அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. திரைக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்வது பார்ப்பவன் பொறுப்பு என்பது எழுதப்படாத சட்டம்.

எங்கள் தோட்டத்துக்கு மட்டும் வாய்த்த பாக்கியமல்ல இது. மலாயா ஃபிலிம் யூனிட் 1946இல் தொடங்கியது. 1948இல் அவசரகாலம் வந்ததும் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டின. அரசாங்கம் மக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் வண்டி அனுப்பும், துணி கட்டும். இப்போது செயலி அனுப்புகிறது. துணியை எங்கே கட்டுவது என்ற கவலை மட்டும் நம் தலையில்.

அந்தக் கவலையைச் சம்பளத்துக்குப் படுகிறவன் என் அக்காள் மகன். ஆயர் குரோவில் வீடு, செயலி செய்வது தொழில். எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலுக்குத் திருவிழா தேதி, அர்ச்சனைப் பதிவு, காணிக்கை எல்லாவற்றுக்கும் ஒரு செயலி செய்து தருவதாக ஒப்புக்கொண்டான். ஒருநாள் வந்து, "மாமா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. இந்த மாதிரி போன் எங்க ஆபீஸ்ல யார்கிட்டயும் இல்ல லா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அன்று முதல் நான் சோதனையாளர். தகுதி, மலிவான போன். கூடுதல் தகுதி, கண்ணில் சாளேஸ்வரம்.

பதவியேற்ற பிறகுதான் எண்களோடு பழக்கம் வந்தது. ஐபோன் 2007இல் வந்தபோது திரை மூன்றரை அங்குலம், 320க்கு 480 புள்ளி. அடுத்த ஆண்டு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனுக்கும் அதே 320க்கு 480. செயலி செய்கிறவர்களுக்கு அது பொற்காலம். எங்கள் திடல் மாதிரி எல்லாருக்கும் ஒரே துணி. 2010இல் ஆப்பிள் அதே மூன்றரை அங்குலத்தில் 640க்கு 960 புள்ளியை அடைத்தது. ஓர் அங்குலத்துக்கு 326 புள்ளி. பத்துப் பன்னிரண்டு அங்குல தூரத்தில் பிடித்துப் பார்த்தால் புள்ளியைப் பிரித்துப் பார்க்க மனிதக் கண்ணுக்கு வலுவில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் விளக்கினார். எங்கள் ஆள் காலடியால் அளந்த அதே கணக்கு, இந்த முறை கைதட்டலோடு. என்னுடைய போன் ஆறரை அங்குலம், 720க்கு 1600. வகுத்துப் பார்த்தால் அங்குலத்துக்கு 270 புள்ளிதான் வருகிறது. இத்தனை ஆண்டு கழித்து வாங்கியும் நான் 2010ஐ எட்டவில்லை.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு துணி கட்டத் தொடங்கினார்கள். 2015இல் ஓப்பன்சிக்னல் என்ற நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது 24,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு கருவி வகைகள் கண்ணில் பட்டன. இத்தனைக்கும் தனித்தனியாகப் படம் வரைந்தால் பிழைக்க முடியாது என்பதால் கூகுள் ஒரு கற்பனை அளவு வைத்திருக்கிறது. அதற்கு டிபி என்று பெயர். ஓர் அங்குலத்துக்கு 160 புள்ளி உள்ள திரையில் ஒரு டிபி என்பது ஒரு புள்ளி. 320 உள்ள திரையில் இரண்டு, 480 உள்ளதில் மூன்று, 640 உள்ளதில் நான்கு. ஆக 720 புள்ளி அகலத்தை இரண்டால் வகுத்தாலும், 1080ஐ மூன்றால் வகுத்தாலும், 1440ஐ நான்கால் வகுத்தாலும் விடை 360. எழுநூறு வெள்ளி போனுக்கும் ஐயாயிரம் வெள்ளி போனுக்கும் செயலியின் கண்ணில் ஒரே அகலம். தோட்டத்தில் இப்படி ஒரு சமத்துவத்தை நான் கண்டதில்லை, கிராணி வீட்டு நாற்காலியாவது இருந்தது. ஆனால் எல்லா ஆண்ட்ராய்டும் 360இல் நிற்பதில்லை, 393 உண்டு, 411 உண்டு. ஐபோன்காரர்களுக்கு 375, 390, 393, 430 என்று வேறு வரிசை.

நோக்கியா காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. 2000இல் வந்த 3310இன் திரை 84க்கு 48. பெருக்கிப் பார்த்தால் 4,032 புள்ளிதான், அதிலும் இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் பச்சை. இன்றைய 1080க்கு 2400 திரை ஒன்றில் அப்படிப்பட்ட திரைகள் அறுநூற்றுச் சொச்சம் அடங்கும். அந்தச் சின்னத் திரையின் தலையில் தொலைபேசி நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக வேறு படம் போட 72க்கு 14 புள்ளி இடம் கொடுத்தார்கள். பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம் வரும். எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் காசு கட்டி வேல் ஒன்றை இறக்கினார். 14 புள்ளி உயரத்தில் வேல் எது, கரண்டி எது? அவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், நாங்களும் போட்டுக்கொண்டோம்.

அந்தக் காலத்துத் திரைக்குள் தமிழை நுழைத்ததில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்குப் பெரும் பங்கு. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளியானது. அதற்கு முன்பு கைப்பேசியில் 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில்தான் அனுப்பினோம். ஆங்கில எழுத்தானால் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், யூனிகோடு தமிழானால் 70. அதிலும் பெரும்பாலான உயிர்மெய்க்கு இரண்டு இடம் போய்விடும். இருந்தும் அனுப்பினோம். இன்று ஆப்பிள் கருவிகளில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவும் முத்து நெடுமாறன் வடித்ததுதான். கலிபோர்னியாவில் வடிவமைத்த போனில் மலேசியத் தமிழர் கையெழுத்து என்று நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பெருமைப்படுவதுண்டு, என்னிடம் ஐபோன் இல்லாவிட்டாலும்.

இனி லென்ஸ் கதை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்', 1973. அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிச் சுருளில் பதிந்திருப்பார்கள். போடும்போது அதற்கென்று ஒரு லென்ஸை மாட்டினால் விரிந்து சரியாகும். அந்த வகைப் படம் ஒன்று எங்கள் தோட்டத்துக்கு வந்த இரவில் லென்ஸ் வரவில்லை. ஏன் என்று படம் போடுகிறவர் சொல்லவில்லை, படத்தை மட்டும் போட்டார். கதாநாயகன் மூங்கில் கழியாக நின்றார். கதாநாயகி அதைவிட. குதிரைகள் ஒட்டகத்தின் உயரத்துக்குப் போயின. சக்கரமெல்லாம் முட்டை. "மெட்ராஸ் பக்கம் பஞ்சம் போலிருக்கு" என்றார் கிராணி வீட்டம்மா. கடைசிவரை யாரும் எழுந்து போகவில்லை. சண்டைக் காட்சிக்கு விசில்கூட அடித்தோம்.

சாதாரண படத்தைச் செயலிக்குள் பொருத்தத் தெரியாமல் இழுத்துவிட்டால் இதே பஞ்சம்தான் வரும் என்று அக்காள் மகன் சொன்னபோது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவனுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் வேறிடத்தில். மலாக்கா பட்டணத்துப் போன் கடையில் தவ்கே என்னிடம், "அங்கிள், பழசு அஞ்சரை இஞ்ச், இது ஆறரை இஞ்ச், பெருசு" என்றுதான் விற்றார். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளப்பது. பழைய போன்கள் 16க்கு 9 என்ற விகிதம். 2017இல் சாம்சங் எஸ்8, ஐபோன் எக்ஸ் வந்த சமயத்திலிருந்து திரை நீளத் தொடங்கி, இப்போது கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 20க்கு 9 அல்லது அதை ஒட்டி. ஐந்தரை அங்குலப் பழைய திரையின் அகலம் 68.5 மில்லிமீட்டர். ஆறரை அங்குலப் புதுத் திரையின் அகலம் 67.8. ஓர் அங்குலம் கூடுதலாகக் காசு கொடுத்து முக்கால் மில்லிமீட்டர் ஒடுக்கத்தை வாங்கி வந்திருக்கிறேன். வளர்ந்ததெல்லாம் நெட்டுக்குத்தாக. அன்று லென்ஸ் இல்லாமல் திரைக்குள் இருந்தவர்கள் நெட்டையானார்கள், இன்று திரையே நெட்டையாகிவிட்டது. உலகம் முழுவதும் ஒரே ஆள் லென்ஸை மறந்துவிட்டு வந்தமாதிரி.

எங்கள் தோட்டத்துக்காரர்களின் புலனக் குழுவில் இதை அனுபவித்துப் பார்க்கலாம். தோட்டம் இப்போது செம்பனை. மலாயாவில் வணிகத்துக்கென்று முதலில் கித்தா நட்டது இதே மலாக்கா மாநிலத்தில்தான், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் நட்டார். அதன் வாரிசு மரங்களைச் சீவிய எங்கள் ஜனம் மெர்லிமாவ், ஜாசின், செங், அலோர் காஜா என்று தாமான்களில் இருக்கிறது. குழுவில் யாராவது 1970களின் திருவிழாப் படத்தைப் போடுவார்கள். நாற்பது பேர் ஒரே வரிசையில். நெட்டைத் திரையில் அது நாடா மாதிரி தெரியும். போனைச் சாய்த்தால் தலைகள் வரும், சாய்க்கும்போது யாராவது அழைப்பார்கள், படம் போய்விடும். இந்தத் திரைக்கென்றே படைத்ததுபோல இருப்பது மாசி மகத்துக்கு வரும் வெள்ளி ரதம் ஒன்றுதான். ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலைக்குப் புறப்படும்போது வழிநெடுகக் கைகள் உயரும், எல்லாக் கையிலும் போன். ரதமும் நெட்டுக்குத்து, போனும் நெட்டுக்குத்து. முருகன் மட்டும் எல்லா விகிதத்திலும் சரியாக விழுகிறான்.

கோயில் செயலிக்கு வருவோம். முதல் பதிப்பு அக்காள் மகனின் மேசையில் அழகாக இருந்தது. என் போனில் திறந்தால் ஒரு பொத்தானில் 'அர்ச்சனைக்குப் பதி…' என்று நின்றது. பதிவு செய்யவா, பதிலுக்குக் காத்திருக்கவா? 'காணிக்கை' மட்டும் ஓர் எழுத்தும் குறையாமல் தெரிந்தது. நான் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவன். ஆண்ட்ராய்டு 14 முதல் 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம், திரைக் காட்சியின் அளவையும் கூட்டினால் 360 அகலம் செயலியின் கணக்கில் இன்னும் சுருங்கிவிடும். ஆங்கிலத்துக்கு அளந்து கட்டிய பொத்தானுக்குள் தமிழ் வார்த்தை அடங்காது. உயரத்திலும் வழக்கு உண்டு. ஆங்கில எழுத்தை நினைத்து வரிக்கு இடம் விட்டால் 'கீ'யின் சுழி மேலே சீவப்படும், 'பூ'வின் வால் கீழே அறுபடும். "பூசை நேரம்" என்ற தலைப்பு "பசை நேரம்" என்று தெரிந்தது. எங்கள் கோயில் தலைவர் அதைப் பார்க்கவில்லை, முருகன் புண்ணியம்.

"உயரத்தை நம்ம முடிவு பண்ணக்கூடாது மாமா, எழுத்தே பண்ணிக்கட்டும்" என்று அக்காள் மகன் திருத்தினான். பொத்தானுக்குக் குறைந்தது 48 டிபி, ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது கூகுள். 44 போதும் என்கிறது ஆப்பிள். என் அக்காளின் கட்டைவிரல் நாற்பது ஆண்டு பால்வெட்டுக் கத்தி பிடித்தது. அது இரண்டு கம்பெனியின் அளவிலும் அடங்காமல் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தும். 2020இல் கொரோனாவோடு மைசெஜாத்ரா செயலி வந்தபோது கோயில் வாசலில் ஒட்டிய கியூஆர் கட்டத்தைப் படம்பிடிக்கக் கிழவிகள் வரிசையில் நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். போனை நீட்டுவார்கள், பிள்ளைகள் அழுத்திக் கொடுப்பார்கள். செயலி அவர்களுடையது, விரல் பேரனுடையது.

திடலில் நகர்ந்து உட்கார்ந்த தலைமுறை இது. இன்னமும் நகர்ந்து கொடுக்கிறது. பொத்தான் தெரியவில்லை என்றால் "எனக்குக் கண்ணு போச்சு" என்கிறதே தவிர, செயலியைக் குறை சொல்வதில்லை. அந்தப் பெருந்தன்மையை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள் செயலி செய்கிறவர்கள்.

ஆகவே ஆயர் குரோவிலும் சைபர்ஜெயாவிலும் இரண்டு பெரிய திரைகளை முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கையிலிருக்கும் போனில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 720க்கு 1600 திரையுள்ள மலிவுப் போன் ஒன்று வாங்குங்கள், பழசானாலும் பரவாயில்லை. எழுத்தை முழுக்கப் பெரிதாக்குங்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். வீட்டில் வயதானவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் அர்ச்சனைக்குப் பதிவு செய்து முடித்தால் செயலியை வெளியிடுங்கள்.