புல்லுக்குக் காவல், புல்லுக்கே தீ!

கேள்வி: அமெரிக்காவின் கான்சாஸில் வெறும் புல்வெளியைப் பாதுகாக்கிறார்களாம். பிறகு அவர்களே தீயும் வைக்கிறார்களாமே, இது என்ன நியாயம்?

பதில்: இரண்டும் ஒரே வேலைதான்! வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கரில் உயர்புல் வெளி இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதியை மக்காச்சோளமும் சோயாவும் விழுங்கிவிட்டன. கான்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதி தப்பியதற்கு, மண்ணுக்கு அடியிலேயே கிடக்கும் சுண்ணாம்புப் பாறையும் சக்கிமுக்கிக் கல்லும்தான் காரணம். அங்கே கலப்பை தோற்றது. அதன் ஒரு பகுதி தேசியக் காப்பகமானது 1996இல்தான். அதுவரை காவல் காத்தது கல்!

தீயைக் கண்டு பதற வேண்டாம். 'பிக் புளூஸ்டெம்' என்ற புல் ஆளையே மறைக்கும். அதன் வேர் 10 அடி ஆழம்வரைகூட இறங்கும். உயிர் கீழே பத்திரமாக இருக்க, மேலே எரிவது சருகு. தீயே இல்லாவிட்டால் மரங்கள் குடியேறிவிடும். அப்புறம், வசந்தகால விடியலில் திறந்த மேட்டில் சேவல்கள் கூடி ஆடும் பிரெய்ரி கோழிக்கு அங்கே இடம் கிடையாது. எரிந்த நிலத்தில் துளிர்க்கும் இளம்புல்லோ, 2009இல் அந்தக் காப்பகத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்ட பைசன்களுக்கு விருந்து.

அந்தப் பக்கம் போக வாய்த்தால் செப்டம்பரில் போங்கள். புல் முழு உயரத்தில் நிற்கும்.