அர்ச்சனை நட்சத்திரம்

கோயிலில் குருக்கள் தட்டை வாங்கியதும் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். "ரோகிணி, ரிஷப ராசி" என்று சிறுவயது முதல் சொல்லி வருகிறேன். அந்த ரோகிணியை வானத்தில் நான் பார்த்தது 65ஆம் வயதில்.

அன்று திருக்கார்த்திகை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பேத்தியோடு அகல் வைத்துக்கொண்டிருந்தேன். கிழக்கே முழு நிலா. அதன் வெளிச்சத்தில் கார்த்திகைக் கொத்து கரைந்தே போயிருந்தது. ஆனால் சற்றுக் கீழே, எண்ணெய் வற்றும் நேரத்துத் திரிபோலச் செம்மஞ்சளாக ஒன்று மங்காமல் நின்றது. "அது என்ன தாத்தா?" என்றாள். கீழே போய்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். மறுநாள் ரோகிணி என்று இருந்தது. மறுநாள் இரவு மாடியேறினால், நிலா நகர்ந்து அந்தச் சிவப்புப் புள்ளியின் பக்கத்தில் வந்து நிற்கிறது!

பஞ்சாங்கம் வானத்தின் வழிகாட்டி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்திரன் ஒரு சுற்று வர 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் ஆகும். அந்தப் பாதையை 27 பங்காக்கினால் ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. நான் பிறந்த நேரத்தில் நிலா தங்கியிருந்த வீடுதான் என் நட்சத்திரம். பழந்தமிழர் ரோகிணியைச் சகடம், அதாவது வண்டி என்றார்கள். அகநானூற்று 136ஆம் பாடலில் திங்கள் சகடத்தோடு கூடிய நாளில்தான் கல்யாணம் நடக்கிறது. நிலா தேய்ந்தபின் பைனாகுலரில் பார்த்தேன். சாய்ந்து கிடக்கும் கூம்பு வடிவில் மங்கலான மீன்கள், அதன் ஒரு முனையில் ரோகிணி. அந்த மீன்கள் ரோகிணிக்கும் வெகு பின்னால், நம்மிடமிருந்து சுமார் 150 ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன.

மேலைநாட்டார் அல்டெபரான் என்று அழைக்கும் இந்த ரோகிணி, சூரியனைப்போல் 40 மடங்குக்கும் மேல் அகலமானது. தூரம் ஏறத்தாழ 65 ஒளியாண்டு. அதாவது நான் பிறந்த வருஷத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பிய ஒளி, அன்று என் கண்ணில் விழுந்தது. இருபது வயதில் பார்த்திருந்தால் இந்தப் பொருத்தம் வாய்த்திருக்காது.

இது எனக்கு மட்டும் கிடைத்த பேறு என்று நினைக்க வேண்டாம். திருவோணத்தின் மீன் 17 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. புனர்பூசத்தின் இரட்டையரில் பிரகாசமானது 34, சுவாதி 37, மகம் 79. அந்தந்த நட்சத்திரக்காரர்கள் அந்தந்த வயதில் மாடியேறலாம். கார்த்திகை சுமார் 440; இன்று நாம் காணும் அதன் ஒளி மதுரையில் நாயக்கர்கள் ஆண்டபோது புறப்பட்டது.

என் மகளுக்குச் சுவாதி, வயது 37. மார்கழியில் அது விடியலுக்கு முன்புதான் நன்றாக ஏறியிருக்கும். ஐந்து மணிக்கு அவளை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் அவள் அம்மா கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம். வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்து போகும் திசையில் விரலை நீட்டி, "அப்படியே கிழக்கே இறங்கு" என்றேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடினாள்.

"ஆரஞ்சா இருக்கே, அதாப்பா?"

"அதுதான்மா."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றாள்.