தோள் கழன்றுபோக ஒரு பை: கமுதிக்காரர்களுக்கு மலையேற்றப் பயிற்சி

கமுதியில் மலை கிடையாது. குண்டாறு இருக்கிறது. அதன் கரையில் சேதுபதிகள் கட்டிய கோட்டை இருக்கிறது. 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. எல்லாம் தரையோடு தரை. மேடு என்று பார்த்தால் கண்மாய்க் கரைதான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று 40 பாதைகளை அறிவித்தபோது நம் மாவட்டத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. வர வழியும் இல்லை.

அதனால் என்ன? ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம், சேதுக்கரை என்று கடலுக்குப் போகிறவர்கள் போக, மிச்சப் பேர் சதுரகிரிக்குக் கிளம்புகிறோம். பஸ் மாறி மாறி வத்திராயிருப்பு தாண்டித் தாணிப்பாறையில் இறங்கினால், மேலே சுந்தரமகாலிங்கம் கோயில் வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் பாறையும் ஏற்றமும். ஏற்றின சாமானையெல்லாம் அன்றைக்கே இறக்கவும் வேண்டும். அதற்கு ஒரு பை வேண்டும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே சரியாகச் செய்துவருகிறீர்கள். மீதியையும் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

1. முதலில் பையே வாங்காதீர்கள்

பிள்ளையின் விலையில்லாப் புத்தகப் பை வீட்டில் கிடக்கிறதே, அதை எடுங்கள். பத்து வயது முதுகுக்குத் தைத்த பை உங்கள் முதுகில் பாதியிலேயே நின்றுவிடும். நிற்கட்டும். யார் படம் போட்ட பை என்பதை மட்டும் கவனியுங்கள். 2021-ல் முந்தைய முதலமைச்சர்களின் படம் அச்சிட்ட 65 லட்சம் பைகள் கையிருப்பில் இருந்தபோது, வீணாக்க வேண்டாம், அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிப் புதிய அரசு 13 கோடி ரூபாயை மிச்சப்படுத்தியது. அரசு படத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் படத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள்.

பிள்ளை பையைத் தர மறுத்தால் ஜவுளிக்கடைக் கட்டைப்பை இருக்கிறது. வழுக்குப்பாறையில் பிடித்து ஏற ஒரு கை தாராளம்.

2. ஜிப்புகளை எண்ணுங்கள்

வாங்கியே தீருவேன் என்றால் மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். கடையில் பையைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் ஜிப்பை எண்ணுங்கள். ஜிப் கூடக் கூடப் பையின் சொந்த எடையும் கூடும், பிய்வதற்கான இடமும் கூடும். கொடுத்த காசுக்குக் கூடுதலாக ஏதோ கிடைக்கிறதல்லவா? லேப்டாப் அறை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். மலைவழியில் கோரக்கர் குகையில் அவசரமாக மெயில் அனுப்ப நேரலாம்.

பக்கவாட்டு வலைப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை, பையைக் கழற்றாமலே கையை விட்டு எடுக்க முடிகிறதா என்று சோதிக்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மடக்குத் தண்ணீருக்கும் நின்று, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, குடித்து, மூடி, மறுபடி மாட்டுங்கள். ஒற்றையடிப் பாதையில் பின்னால் வரும் கூட்டத்துக்கும் ஓய்வு வேண்டும்.

3. லிட்டரை மட்டும் நம்புங்கள்

ஒரு நாள் நடைக்கு 20 முதல் 30 லிட்டர் பை போதும் என்பார்கள். நீங்கள் 60 லிட்டர் வாங்குங்கள். கொள்ளளவைப் பெரும்பாலும் சிறு உருண்டைகளைப் பைக்குள் கொட்டித்தான் கணக்கிடுகிறார்கள். உருண்டை மூலை முடுக்கெல்லாம் நுழையும், உங்கள் டிபன் கேரியர் நுழையாது. ஆகவே பெரிதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு நன்மையும் உண்டு. உங்கள் பையில் இடம் இருக்கிறது என்ற செய்தி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் பரவிவிடும். “அண்ணே, ஒங்க பையிலதான் எடம் கெடக்குல்ல, இந்தப் போர்வைய மட்டும் வச்சுக்கங்க.” காலி இடத்தோடு மலையடிவாரம் போய்ச் சேர்ந்த பை இதுவரை ஒன்றுகூட இல்லை.

4. காலிப் பையை மாட்டிப் பாருங்கள்

உருவம் நிற்பதற்காகக் கடைக்காரர் உள்ளே காகிதம் திணித்திருப்பார். அந்தக் காகிதத்தோடேயே மாட்டுங்கள். காகிதம் தோளை அறுக்காது. “தம்பி, அஞ்சு கிலோ அளவுக்கு எதையாச்சும் உள்ள போட்டுக் குடுங்க, பத்து நிமிஷம் நடந்து பாக்குறேன்” என்று கேட்கிற ஆட்களும் உண்டு. கடையே அவர்களை வேடிக்கை பார்க்கும். நீங்கள் கண்ணாடி முன் ஒருக்களித்து நின்று வீட்டம்மாவிடம் கேளுங்கள்.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

சோதனை முடிந்தது. பில் போடச் சொல்லுங்கள்.

5. முதுகை அளக்காதீர்கள்

பையின் அளவு ஆளின் உயரத்தில் இல்லை, முதுகின் நீளத்தில் இருக்கிறது. தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் முதுகில் ஒரு கோடு கிடைக்கும். எலும்பிலிருந்து கோடு வரை டெய்லர் டேப்பால் அளந்தால் உங்கள் அளவு தெரிந்துவிடும். நெட்டை ஆளுக்குக் குட்டை முதுகும் குட்டை ஆளுக்கு நீள முதுகும் இருப்பது சகஜம்.

இதற்கு அரை நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது? மச்சான் வாங்கிய பையையே நீங்களும் வாங்குங்கள். அவர் முதுகுக்குப் பொருந்தியது ஊருக்கே பொருந்தும். பெண்களின் தோளுக்கும் மார்புக்கும் ஏற்ப வார்களை வளைத்துத் தைத்த தனிப் பைகள் வருகின்றன. மதினி கண்ணில் அவை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய பை அவருக்குப் போதும்.

6. இடுப்பு வாரைப் பின்னால் முடிந்து போடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. பஞ்சு வைத்த அகலமான இடுப்பு வார் அழகுக்கு வைத்ததல்ல. அதை இடுப்பெலும்பின் மேல் முதலில் பூட்டி, அடுத்துத் தோள் வார்களை இழுத்து, கடைசியாக நெஞ்சு வாரை மாட்டினால், சுமையில் பெரும்பங்கு இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கிவிடும். தோளுக்குப் பையைச் சாயாமல் பிடித்துக்கொள்கிற வேலைதான் மிஞ்சும். அப்படி நடக்க விடலாமா? வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் தோள், பிறகும் தோள், கடைசி வரை தோள்.

சின்னப் பைகளில் மெல்லிய நாடாவாக ஒரு வார் இருக்கும். அது சுமை தாங்காது, பை ஆடாமல் மட்டும் பிடிக்கும். அதைக் காட்டி, இடுப்பு வார் எல்லாமே வெட்டி வேலை என்று கடைக்காரரிடம் வாதாடி ஜெயியுங்கள்.

இந்தப் பேச்சை வீட்டுப் பெண்களிடம் மட்டும் எடுக்காதீர்கள். நம் பக்கத்துப் பெண்கள் குடிதண்ணீருக்குக் குடம் சுமந்தே வளர்ந்தவர்கள். நிறைகுடம் எங்கே உட்காரும் என்று அப்பத்தாவைக் கேட்டால் இடுப்பைத் தட்டிக் காட்டுவார். தலையில்தான் வைக்க வேண்டும் என்றால் சும்மாடு சுற்றுவார். தோளில் தொங்கவிட்டால் தெருக்கோடி தாண்ட முடியாது என்பது மதுரைக் கடை வாசலை மிதிக்காமலே அவருக்குத் தெரியும். உங்களுக்கும் அது தெரிந்துபோனால் இந்தப் பயிற்சி வீண்.

7. தோள் வாரை முழு நீளத்துக்கு விடுங்கள்

பை முதுகை விட்டு விலகி, நடக்கும்போது பின்புறத்தில் தட்ட வேண்டும். சுமை விலக விலக அது உங்களைப் பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், கழுத்து நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒற்றைத் தோளில் மாட்டினால் பலன் இன்னும் சீக்கிரம். நெஞ்சு வாரைத் தொண்டைக்குழி வரை ஏற்றிப் பூட்டுங்கள். மூச்சுத் திணறினால் மலையின் உயரத்தின் மேல் பழியைப் போடலாம்.

8. கணக்குப் பார்க்காமல் எடுத்துவையுங்கள்

புத்தகப் பை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. ஒரு நாள் நடைக்கு மலையேறுகிறவர்களும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. நீங்கள் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? எவர்சில்வர் தூக்கில் புளியோதரை, இன்னொரு தூக்கில் தயிர்சாதம், கண்ணாடிப் பாட்டிலோடு ஊறுகாய், ஒரு கிலோ சேவு, மூன்று மாற்றுத்துணி, குடை, ஜமுக்காளம்.

எடை கூடிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் தண்ணீரை வெளியே எடுத்துவிடுங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ உடனே குறையும். ஜமுக்காளத்தில் கை வைக்காதீர்கள்.

9. கைக்கு வந்தபடி அடுக்குங்கள்

லேசானது அடியில், கனமானது நடுமுதுகு உயரத்தில் முதுகை ஒட்டி, அடிக்கடி தேவைப்படுவது மேலே. மலையேறிப் பழகியவர்கள் இப்படித்தான் அடுக்குவார்கள். நீங்கள் இரண்டு தூக்கையும் வெளி அறையில், முதுகிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். மாத்திரையை ஜமுக்காளத்துக்குள் சுருட்டுங்கள்.

சதுரகிரி இருப்பது 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள். தாணிப்பாறை வாசலில் வனத்துறையினர் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக், தீப்பெட்டி, மது எதுவும் உள்ளே போகாது. எனவே ஒவ்வொரு பொருளையும் தனித்தனிப் பாலிதீன் கவரில் சுற்றுங்கள். உள்ளாடை முதல் ஊறுகாய் வரை வரிசையில் நிற்பவர்கள் முன்னால் பரப்பி வைக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதை நினைவில் வைத்து, சாமான்களைத் துணிப்பைகளில் பிரித்துக் கட்டி வந்தவர் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுவார். பாவம், அவருக்குத் தன் உடைமைகளைக் காட்டக் கொடுத்துவைக்கவில்லை.

10. மழையையும் குரங்கையும் மறந்துவிடுங்கள்

கமுதியில் மழையை நம்ப முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதே விதிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பையோடு வந்த மழை உறையைப் புதுக்கருக்கு கலையாமல் பீரோவில் வையுங்கள். துணி தண்ணீர் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதே! தையலும் ஜிப்பும் தாங்குமா என்று அட்டை சொல்லாது, நீங்களும் கேட்காதீர்கள். வாழைப்பழத்தை வெளி அறையில் வைத்து ஜிப்பைப் பாதி திறந்து விடுங்கள். மலையில் குரங்குகள் இருக்கின்றன, மீதியை அவை பார்த்துக்கொள்ளும்.

11. முதல் ஒத்திகை மலையில்தான்

அதே சுமையோடு முந்தின வாரம் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடந்தால், எந்த வார் உரசுகிறது, எந்தத் தூக்கு முதுகில் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். பையை மாற்றவும் நாள் இருக்கும். ஆனால் டீக்கடையில் என்ன கேட்பார்கள்? “என்ன மாப்ள, ஊர விட்டு ஓடுறியா?” முதுகைவிட மானம் பெரிது. விலை அட்டையைக் கிழிக்காமல் வைத்திருந்து, தாணிப்பாறையில் இறங்கிய பிறகு முதல் முறையாக மாட்டுங்கள்.

12. திரும்பி வந்ததும் பெரிய பை வாங்குங்கள்

மலைப்பாதையில் இரட்டை லிங்கம் தாண்டும்போது தோள் மரத்திருக்கும். நாவல் ஊற்றில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இறங்கி வந்தபின், கொண்டுபோனதில் எதைத் தொடவே இல்லை என்று பட்டியல் போடாதீர்கள். பை சின்னதாகப் போனதுதான் கோளாறு என்று முடிவு கட்டி, அடுத்த ஆடிக்கு 80 லிட்டர் பை பாருங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கடையிலேயே ஐந்தாறு கிலோவை உள்ளே போட்டு, இடுப்பு வாரை முதலில் பூட்டி, பத்து நிமிடம் நடந்து, மாடிப்படி ஏறி இறங்கி, ஒரு தடவை குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டால், மேலே சொன்ன பன்னிரண்டு படிகளும் உங்களிடம் பலிக்காது. பையை முதுகில் மறந்துவிட்டு மலையேற வேண்டிய நிலை வந்துவிடும். இந்தச் சோதனைக்கு எந்தக் கடைக்காரரும் காசு கேட்பதில்லை.