கம்பியை நீட்டி விடுங்க சார்

லாரி பேக்கர் கட்டிய வீடுகளைக் கேரளத்தில் பார்த்துவிட்டு வரும் என்ஜினீயர் கொஞ்ச காலத்துக்கு ஆபத்தானவன். நான் கூடுதல் ஆபத்து. ஆரோவில்லில் மண்கல் அழுத்தும் பயிற்சியும் எடுத்திருந்தேன். அந்த மிதப்பில் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு கிடைத்த சில குடும்பங்களுக்குப் படம் போட்டுத் தருகிறேன் என்று இறங்கினேன். வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். நடுவில் பொது முற்றம், அதில் ஒரு வேம்பு.

5 சதவீத சிமென்ட் கலந்து அழுத்தினால் கல் தயார் என்பது செம்மண் கணக்கு. இங்கே கரிசல், மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். சரள் தட்டுகிறவரை தோண்டுவதற்கே பணம் கரைந்துவிடும். என் மாதிரிக் கல் ஒன்றைக் கொத்தனார் தொட்டியடியில் போட்டு, அதன்மேல் நின்று கால் கழுவினார். கொஞ்ச நேரத்தில் சேற்றில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் பூசும் ஊர்தான். சுவருக்கு மட்டும் வேண்டாமாம்.

சரி, செங்கல். குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டும் பேக்கர் முறையில் கால்வாசிக் கல் மிச்சம், வெக்கையும் குறையும். பூசாமல் விடுங்கள், அழகு என்றேன். “காசு தீந்துபோச்சின்னு ஊரே பேசும் சார்” என்றார்கள். பொங்கலுக்குள் பூசி, பச்சை அடித்துவிட்டார்கள்.

கூரையைச் சாய்வான கான்கிரீட்டாக, நடுநடுவே பழைய ஓடு பதித்துப் போட்டிருந்தேன். ஒரு அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெறவு மாடி எடுக்கணும்லா? மட்டமாப் போட்டு, கம்பிய நீட்டி விடுங்க சார்.”

சிமென்ட் ஆலைப் புகையால் பூமி சூடாவதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சாருக்கு மாடி வீடா?”

வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

முற்றம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். யார் பெருக்குவது என்று முடிவாகாமல், ஆளுக்கொரு பக்கம் ஆடு கட்டிவிட்டார்கள். வேம்பை ஆடுகளே முடித்துவைத்தன.

இப்போதெல்லாம் மாடிக்குக் கம்பி, ஆட்டுக்குக் கொட்டில் இரண்டும் என் படத்தில் உண்டு. கழிப்பறை மட்டும் இன்னமும் ஈசானிய மூலைக்கே போய்விடுகிறது. வீட்டுக்காரம்மா யாராவது பென்சிலை வாங்கி மாற்றிவிடுகிறார்.