ஒரே ஒரு சீசன்

நவம்பர் கடைசியில் வான்கூவரிலிருந்து வடக்கே கிளம்பும் பஸ்ஸில் நம்மாளைக் கண்டுபிடிக்க ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கையில் பெட்டி இருக்கும்; இவர் கையில் மோவாய் உயரத்துக்கு ஒரு பை. டிரைவர் அதை வாங்கி அடியில் தள்ளுவதற்குள் "பார்த்து, பார்த்து" என்று மூன்று தடவை சொல்லியிருப்பார். உள்ளே ஒரு ஸ்னோபோர்டு. அதற்கு அடிபடாமலிருக்கச் சுற்றிலும் அவருடைய மொத்தத் துணிமணி. ஐந்து மாதக் குடித்தனம் அவ்வளவுதான்.

பஸ் கடலை ஒட்டி வளைந்து வளைந்து ஏறி, சுமார் 120 கிலோமீட்டர் தாண்டி விஸ்லரில் நிற்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலையூர். விஸ்லர், பிளாக்கோம் என்று இரண்டு மலை. எண்ணாயிரம் ஏக்கருக்கு மேல் சரிவு. இருநூறுக்கு மேல் தடம். நம்மாளைப் பிரிஸ்பேன்காரர் என்று வைத்துக்கொள்வோம். பிரிஸ்பேனில் பனி விழுவதில்லை என்பதே அவருடைய முதல் தகுதி. ஆஸ்திரேலியர் கூட்டம் இங்கே அவ்வளவு அதிகம். ஊரை ‘விஸ்ட்ராலியா’ என்று கேலி செய்வார்கள். பெண்களும் நிறைய வருகிறார்கள், ஆனால் அவர்கள் கையுறையை மறக்காமல் எடுத்துவருவதால் இந்தக் கட்டுரைக்கு அவ்வளவாக உதவ மாட்டார்கள்.

வயது இருபத்தைந்து. ஒரு கணக்குத் தணிக்கை ஆபீஸில் இருந்தார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "தினமும் ஒன்பது மணிக்கு ஒரே இடத்துல போய் நிக்கணும்னா என்னால முடியாது" என்பார். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் மட்டும் வேறு வாக்கியம்: "ஒரே ஒரு சீசன். அவ்வளவுதான். வந்துடுவேன்."

விஸ்லருக்கு வருவதற்கு வழி செய்து தருவது கனடா அரசு. 35 வயதுக்குள் இருக்கும் ஆஸ்திரேலியர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று ஒரு விசா உண்டு. தங்கும் காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீடு குறைந்தால் அனுமதியும் அந்த அளவுக்குக் குறையலாம். விவரமான அரசு. ஸ்னோபோர்டு பழகுகிறவர்கள் எந்த எலும்பை முறித்துக்கொள்வார்கள் என்று அந்த ஊர் டாக்டர் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் மணிக்கட்டு என்பார். விழும்போது கையை ஊன்றுவது மனித சுபாவம், பலகையில் இரண்டு காலும் கட்டியிருப்பதால் ஊன்ற வேறு ஒன்றும் மிச்சமில்லை.

இந்தக் குலத்துக்கு முன்னோர்கள் உண்டு. 1965 கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற இன்ஜினியர், வீட்டில் ரகளை செய்த மகள்களை வெளியே விரட்ட இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அவர் மனைவி நான்சி அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் வைத்தார். 1977-ல் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் என்ற இளைஞர் நியூயார்க் வேலையை உதறிவிட்டு வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு கொட்டகையில் பலகை செய்ய உட்கார்ந்தார். ஆபீஸ் வேலையை விட்டவர் என்ற ஒரே ஒற்றுமையை நம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்கிறார். அந்த மனிதர் உலகம் முழுக்க விற்கும் ஒரு கம்பெனியை உண்டாக்கினார் என்ற பிற்பாதி மட்டும் அவர் வாயில் வருவதில்லை.

உள்ளூர் முன்னோர்கள் இன்னும் ரசமானவர்கள். விஸ்லரில் சறுக்குத் தடம் 1966-ல் திறந்தது. அதையடுத்து வேலைவெட்டி இல்லாமல் பனியே கதியென்று வந்த கூட்டம் காட்டுக்குள் கிடைத்த மரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, வாடகை என்ற சொல்லே அறியாமல் வாழ்ந்தது. 1973-ல் டோட் ஹால் என்ற வீட்டில் வாழ்ந்தவர்கள் ஸ்கீ பூட்ஸ் மாட்டி, கையில் ஸ்கீயைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் வேறொன்றும் இல்லாமல் வாசலில் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம் போஸ்டராகி இன்றும் புகழோடிருக்கிறது. இப்போது கண்ணாடி ஓட்டல்கள் நிற்கும் ஊர் மையம் அன்றைக்குக் குப்பை கொட்டும் இடம். கரடிகள் வந்து மேயும்.

இப்போது கரடியால்கூட அங்கே வாடகை கொடுக்க முடியாது. ஊழியர்களுக்கு வீடு கிடைக்கச் செய்வதற்கென்றே 1997-ல் தனி வாரியம் அமைக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும். நம்மாளுக்குக் கிடைப்பது ஓர் அறையில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு. கீழ்த்தட்டில் ஒரு நியூசிலாந்துக்காரர், எதிர்க் கட்டிலில் ஒரு பிரிட்டிஷ்காரர், ஹாலில் சோபாவில் யாரென்று யாருக்கும் தெரியாத ஒருவர். சமையலறையில் எப்போதும் மெழுகு வாசனை. பலகையின் அடிப்பாகத்தில் மெழுகை உருக்கித் தடவ அவர்கள் வைத்திருப்பது பழைய துணி இஸ்திரிப் பெட்டி. சட்டைக்கு இஸ்திரி என்ற பேச்சே அங்கு எழுந்ததில்லை. பாஸ்தாவில் சீஸ் பொடி போட்ட டப்பாச் சாப்பாடு மூன்று வேளையும். விசேஷ நாளில் அதில் ஒரு முட்டை.

வேலை? லிஃப்ட் இயக்குகிறவர். ஊர் பாஷையில் ‘லிஃப்டி’. கையில் மண்வெட்டி, காலையில் ஏறுமிடத்தில் கிடக்கும் பனியை வெட்டிச் சமமாக்க வேண்டும். கம்பியில் சீறிக்கொண்டு வரும் நாற்காலி நிலையத்துக்குள் நுழைந்ததும் கம்பியை விட்டுக் கழன்று நடைவேகத்துக்கு இறங்கும். அந்த சில விநாடிகளில் உட்கார்ந்துவிட வேண்டும். உட்காரும் இடத்தின் பனியைத் துடைப்பத்தால் தள்ளுவது, தடுமாறி விழுந்த குழந்தையைத் தூக்குவது, விழுந்தவர் அமெரிக்க வக்கீலாக இருந்தால் இன்னும் மரியாதையாகத் தூக்குவது, சிவப்புப் பொத்தானை அமுக்குவது, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று நாளெல்லாம் கத்துவது. இரண்டு மலையையும் இணைத்து 2008-ல் ஓடத் தொடங்கிய பீக் டு பீக் கோண்டோலாவின் வாசலில் போட்டால், "இது எதிர் மலைக்குப் போகுமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. நடுவில் தூணே இல்லாமல் 3 கிலோமீட்டருக்குக் கம்பி தொங்குகிறது, பள்ளத்தாக்கிலிருந்து 436 மீட்டர் உயரம் என்று சொன்னால் கேட்டவர் ஏறாமல் திரும்பிவிடக்கூடும். எனவே "போகும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சம்பளத்தை வைத்து இந்த வேலையை எடை போடக் கூடாது. மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூனில் மணிக்கு 17.85 டாலராக ஆனது. பண்டிகை வாரத்தில் மலையேறும் ஒரு நாள் டிக்கெட் 200 டாலருக்கு மேல். அந்தக் கூலிக்கு எட்டு மணி நேரம் உழைத்தாலும் ஒரு நாள் சறுக்க முடியாது. ஆனால் ஊழியருக்கு சீசன் முழுக்கப் பாஸ் உண்டு. நம்மாள் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தான் நிர்வாகத்தை ஏமாற்றிவிட்டதாக உள்ளூர நினைக்கிறார். நிர்வாகமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது.

உலகத்தின் ஏற்றத்தாழ்வு பிடிக்காமல் மலைக்கு வந்தவர் அவர். வந்த இடத்தில் முதல் கேள்வியே "எத்தனையாவது சீசன்?" முதல் சீசன் என்று சொல்லும்போது குரல் தானாக இறங்கும். புதுக் கையுறை அவமானம். கட்டைவிரல் கிழிந்து வெள்ளி நிற டேப் சுற்றியிருந்தால் கௌரவம். கண்ணாடி மறைத்த இடம் வெளுத்து மற்ற முகம் கறுத்துப் போயிருந்தால் அதற்கு மேல் பட்டம் வேண்டாம். ஒருவருடைய அந்தஸ்தைத் துல்லியமாக அளக்க இன்னொரு வழி, ஊர் எந்த வருஷம் கெட்டுப்போனது என்று கேட்பது. நாலைந்து சீசன் ஆனவர் கோவிட் வந்தபோது என்பார். அவருக்கு மூத்தவர், 2016-ல் கொலராடோக் கம்பெனி மலைகளை வாங்கியபோது என்பார். அவருக்கும் மூத்தவர் 2010 ஒலிம்பிக்ஸைச் சொல்வார். 1997-ல் இரண்டு மலையும் ஒரே முதலாளி கைக்குப் போன அன்றே எல்லாம் முடிந்தது என்று ஒருவர் குறுக்கிடுவார். மூலையில் தாடியோடு பீர் குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர் மட்டும், 1980-ல் பிளாக்கோமைத் திறந்திருக்கவே கூடாது என்று முனகுவார். அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். கெடுவதற்கு முன்பு ஊரைப் பார்க்கவே இல்லை என்பதால் நம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

ஸ்கீகாரர்களோடு அவருக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆல்ட்டா, டீர் வேலி, மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று இடங்களில் இன்றும் ஸ்னோபோர்டுக்கு அனுமதி கிடையாது. அந்தப் பக்கமே போகாதவர், போவதற்குப் பணமும் இல்லாதவர், ஆனாலும் மூன்று பெயரையும் விரல்விட்டுச் சொல்லி ரத்தம் கொதிப்பார். கொதிக்கும் அதே மத்தியானம் தடம் ஓரிடத்தில் சமதளமாகும். ஸ்கீகாரர்களிடம் இரண்டு கைத்தடி இருக்கிறது. ஊன்றி ஊன்றி, பேசிக்கொண்டே போய்விடுவார்கள். நம்மாளின் பலகை மெதுவாகும், முனகும், நின்றுவிடும். இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டியிருக்க, சாக்கு ஓட்டத்தில் கடைசியாக வரும் பையனைப் போல இரண்டு குதி குதிப்பார். பிறகு உட்கார்ந்து, கையுறையைப் பல்லால் கழற்றி, உறைந்த பக்கிளைக் குடைந்து ஒரு காலை விடுவித்து உந்துவார். அப்போது ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஸ்கீயில் கடந்துபோகும். "தடி வேணுமா அங்கிள்?" என்று கேட்கும். அந்தச் சரிவுகளில் கருணைக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் இல்லை.

ஜனவரியில் ஒரு வாரம் மழை. பசிபிக் கடல் பக்கம். ஊர் இருப்பது சுமார் 675 மீட்டர் உயரத்தில். விஸ்லர் உச்சி 2,182 மீட்டர். உச்சியில் பனி கொட்டும்போது ஊரில் தூறும், நம்மாளின் ஒரே ஜாக்கெட் ஏழு நாளும் காயாது. அம்மா வீடியோவில் வந்து, "அங்கே என்னப்பா பண்றே?" என்று கேட்பார். ஜன்னலில் மழை தெரியாதபடி போனைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு குளிர் இறங்கும், மழை பனியாகும், அந்த நாள் வரும். விடிகாலை ஐந்து மணி. ஒன்பது மணிக்கு ஒரே இடத்தில் போய் நிற்க முடியாதவர் தானாக எழுந்து, போர்வைக்குள் போனைத் திறந்து, இரவில் எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது என்று பார்க்கிறார். முப்பது. அடுக்குக் கட்டிலிலிருந்து இறங்குவதில்லை, விழுகிறார். எட்டரைக்குத் திறக்கும் கோண்டோலாவின் முன் ஆறரைக்கே நிற்கிறார். அவருக்கு முன்னால் இருநூறு பேர். மேலேயிருந்து தொம், தொம் என்று வெடிச்சத்தம். பனிச்சரிவு தானாக வந்து ஆளை மூடுவதற்குள் மலைக் காவலர்கள் வெடி வைத்து முன்கூட்டியே சரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வரிசையில் ஆரவாரம். பல வருஷக் கல்லூரியும் மூன்று வருஷ ஆபீஸும் வரவழைக்காத ஒழுங்கு அந்த வரிசையில் இருக்கிறது: குறுக்கே புகுபவர் இல்லை, தாமதமாக வருபவர் இல்லை, காரணம் சொல்பவர் இல்லை. பவுடர் நாளில், அதாவது புதுப் பனி கொட்டிய நாளில், நண்பன் கிடையாது என்பது அங்கே எழுதாத சட்டம். அறைத் தோழர் ஷூ லேஸ் கட்டி முடிக்கக்கூட யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அன்று அவருக்குக் காலை ஷிஃப்ட் இருந்தால்? காய்ச்சல் வரும். மேலாளருக்கு போன் செய்து இருமலோடு சொல்வார். மேலாளரும் இரைச்சலுக்கு நடுவே, "சரி, ஓய்வெடுத்துக்கொள்" என்பார். இரைச்சல் எதனுடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வரிசையில் மேலாளர் அவருக்கு நாற்பது பேர் முன்னால்தான் நிற்கிறார்.

ஊரின் ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரச் சான்று. ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது 1998, நகானோவில். ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலமில் தங்கம் வென்றவர் விஸ்லரில் வாழ்ந்த ராஸ் ரெபாக்லியாட்டி. மூன்று நாளில் கஞ்சாத் தடயம் கண்டு பதக்கத்தைப் பறித்தார்கள். கஞ்சாவைத் தடை செய்யச் சரியான விதியே இல்லை என்று மேல்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரில் ஒரு விருந்தில் மற்றவர்கள் விட்ட புகை தன் மூக்கில் ஏறியது என்பது அவருடைய விளக்கம். உலகம் சிரித்தது. விஸ்லரில் ஒரு குளிர்காலம் இருந்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரிவதில்லை.

ஏப்ரலில் பனி கஞ்சியாகிறது. நண்பர்கள் டீ-ஷர்ட்டில் சறுக்குகிறார்கள். ஊரின் பழைய சாமான் கடை வாசலில் டோஸ்டர், மெத்தை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வந்து குவிகின்றன. நவம்பரில் இதே சாமான்களை அடுத்த கூட்டம் வாங்கிக்கொள்ளும். நம்மாள் அம்மாவுக்கு போன் செய்கிறார். மலையின் கீழ்ச்சரிவில் இனி சைக்கிள் ஓட்டுவார்களாம், லிஃப்டில் சைக்கிள் ஏற்ற ஆள் தேவைப்படுமாம், அது வேண்டாம், சொன்ன சொல் சொல்தான், ஆஸ்திரேலியா திரும்புகிறேன் என்கிறார். அம்மாவுக்குக் கண் நிறைகிறது. எந்தத் தேதி என்று கேட்கிறார். ஜூன் முதல் வாரம், த்ரெட்போவுக்கு என்கிறார். அது நியூ சவுத் வேல்ஸ் மலையில் இருக்கிறது. அங்கே ஜூனில்தான் பனிக்காலம்.

விண்ணப்பப் படிவம் மடியில் இருக்கிறது. முன் அனுபவம் என்ற இடத்தில் ‘ஒரு சீசன்’ என்று சற்றே பெருமையாக எழுதுகிறார். இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ‘பொதுமக்களுக்குச் சேவை செய்வதில் எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்று நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறார்.