சுந்தரம் மட்டுமா சர்வர்?

கேள்வி: வீட்டில் மியூசிக் சர்வர் வைக்கலாம் என்கிறான் மகன். நாஸ், ரெண்டரர், டிஎல்என்ஏ, ஃபிளாக் என்று அடுக்குகிறான். தலை சுற்றுகிறது. புரியும்படி சொல்லுங்களேன்!
– வாசகர், ஆனையூர், மதுரை

பதில்: 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ பார்த்தீர்களா? அப்படியானால் பாதி புரிந்துவிட்டது. வீட்டையே ஓட்டலாக நினைத்துக்கொள்ளுங்கள். நாஸ்தான் சரக்கறை, பாட்டுகள் குடியிருக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி. கேட்டதை எடுத்துவந்து பரிமாறும் மென்பொருள் சர்வர். அதை வாங்கி ஒலியாக்கும் கருவி ரெண்டரர், அதுதான் இலை. ஆர்டர் சொல்லும் உங்கள் செல்போன் கன்ட்ரோலர். பரிமாற நடக்கும் வழி ரூட்டர். வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள, 2003-இல் தொடங்கிய கூட்டமைப்பு வகுத்த பொது விதிகள் டிஎல்என்ஏ.

ஃபிளாக், சிடி பாட்டை ஏறக்குறைய பாதி இடத்தில் மடித்து வைக்கும். பிரித்தால் ஒரு துளியும் குறையாது. எம்பி3 இன்னும் சிறிதாகும், ஆனால் கொஞ்சம் ஒலியை உதறிவிடும், உதறியது திரும்பாது. மதுரையில் பிறந்த எம்.எஸ். அம்மாவின் குரலை ஃபிளாக்கிலேயே சேமியுங்கள். இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். சரக்கறை போனால் பந்தி ஏது?