சர்க்கரையோடு சோகத்தையும் சேர்த்து வளர்ப்பது எப்படி?

சர்க்கரை வந்துவிட்டதா? வாழ்த்துகள். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் உங்களுக்குத் துணையாக 10 கோடிப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் ஒழுங்காக மாத்திரை போட்டு, காலையில் நடந்து, எண்பது வயதிலும் பேப்பர் படித்துக்கொண்டு காலத்தை வீணடிக்கிறார்கள். நீங்கள் அப்படி ஆகிவிடக் கூடாது. கால், கண், சிறுநீரகம் மூன்றையும் உரிய காலத்துக்கு முன்பே கெடுக்க வேண்டுமென்றால் சர்க்கரைக்கு ஒரு கூட்டாளி தேவை. அதுதான் மனச்சோர்வு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. ஆகவே பாதி வேலை தானாக நடந்துவிடும். மிச்சத்துக்குத்தான் இந்தக் கையேடு. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை நீங்கள் ஏற்கெனவே செய்துவருகிறீர்கள், வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை.

1. பெயர் வைக்காதீர்கள்.

விடிகாலை நாலு மணிக்கே விழிப்பு வந்து, விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறீர்களா? மேட்ச் ஓடினாலும் ஸ்கோர் கேட்கத் தோன்றவில்லையா? பேத்தி மடியில் ஏறினால் எரிச்சலாக இருக்கிறதா? யார் கேட்டாலும் ஒரே பதில் சொல்லுங்கள்: "சுகர்ல டயர்டா இருக்கு." இதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. அசதி, தூக்கக்கேடு, பசியில் மாற்றம் எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. டாக்டரே ஏமாந்துபோவார்.

2. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு நல்லவராகிவிடுங்கள்.

கோதுமைக் கஞ்சி, கீரை, மோர். ஃபாஸ்டிங் 110 வரும். ரிப்போர்ட்டை ஃப்ரிட்ஜ் மேல் வையுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். ஹெச்பிஏ1சி எடுக்கச் சொன்னால் மட்டும் "போன தடவைதான் எடுத்தேன்" என்று நழுவுங்கள். அது சுமார் மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடும்.

3. குடும்பத்தைக் காவலுக்கு வையுங்கள்.

இது வீட்டாருக்கான படி. அவர்கள் இதில் தேர்ந்தவர்கள், இருந்தாலும் ஒருமுறை நினைவூட்டுகிறேன். கல்யாணப் பந்தியில் பாயச வாளி சர்க்கரைக்காரரை நெருங்கும்போது நாலு இலை தள்ளி உட்கார்ந்திருக்கும் மச்சினி, "அவருக்கு சுகர், ஊத்தாதீங்க!" என்று மண்டபம் கேட்கக் கத்த வேண்டும். பரிமாறுகிறவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எதிர் வரிசையில் ஒரு பெரியவர், "நாக்கை அடக்கியிருந்தா இது வந்திருக்குமா?" என்று முடித்துவைக்க வேண்டும். பரம்பரை, வயது, வேலை, தூக்கம் என்று வேறு காரணங்களை யாரும் இழுக்கக் கூடாது. குற்றவாளி நாக்கு ஒன்றுதான்.

பலன் அன்றிரவே தெரியும். பதினோரு மணிக்கு, வீடு அடங்கியபின், அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து, அந்த வெளிச்சத்திலேயே நின்றபடி இரண்டு மைசூர்பாகை மெல்லாமல் விழுங்குவார். ருசிகூடத் தெரியாது. பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு படுப்பார். தூக்கம் வராது. காலையில் நடக்கப் போக மாட்டார். ஒரு கரண்டிப் பாயசத்தைத் தடுத்து இவ்வளவையும் சாதிக்க முடிகிறது!

4. பெண்களுக்கு இதில் ஏதும் பயிற்சி தேவையில்லை. கணவருக்குத் தனிச் சமையல் செய்துவிட்டு, மிஞ்சிய சோற்றை மூன்று மணிக்கு வழித்துச் சாப்பிடுங்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை பொங்கலுக்கு அப்புறம். எந்தப் பொங்கல் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

5. கவலைப்படுங்கள், நாள் முழுக்க.

இது வெட்டி வேலை என்று நினைக்காதீர்கள். மன அழுத்தத்தில் கார்டிசால் ஏறும். அது ஏறினால், நீங்கள் ஒரு பருக்கை தின்னாவிட்டாலும் கல்லீரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். மனம் தளர்ந்தவருக்குக் கால், கண், சிறுநீரகச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. அந்தச் சிக்கல் வந்தவருக்கு மனம் மேலும் தளர்கிறது. ஒருமுறை தள்ளிவிட்டால் போதும், அப்புறம் தானே சுற்றும். 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், நெடுநாள் துயரம் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று எழுதிவைத்தார். இவ்வளவு காலமாகியும் அந்தப் பேச்சை நம்மூர் கிளினிக்குகளுக்குள் பெரிதாக விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாதாரண சாதனையா?

6. காலைக் குனிந்து பார்க்காதீர்கள்.

உள்ளங்கால் மதமதவென்று இருக்கும், இரவில் எரியும், பிறகு ஒன்றுமே இருக்காது. அந்த 'ஒன்றுமே இல்லை'தான் நமக்கு வேண்டியது. பஸ் ஸ்டாண்டில் ஒரு செருப்பு கழன்று போனது தெரியாமல் மற்றொன்றோடு டீக்கடைவரை நடந்திருக்கிறீர்கள் என்றால் நல்ல முன்னேற்றம். அடுத்து, உச்சி வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுங்கள். கொப்புளம் வந்தாலும் வலிக்காது. ஆணிக்கால் இருந்தால் பழைய பிளேடால் சீவுங்கள். "மரத்துப்போச்சு" என்று வெந்நீரில் காலை வையுங்கள், சூடு தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் கொதிநீர் ஊற்றுங்கள்.

இரவு படுக்கும் முன் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும் என்பார்கள். இங்கேதான் மனச்சோர்வு கைகொடுக்கிறது. "பார்த்து என்ன ஆகப்போகுது?" தினமும் சொல்லிப் பழகுங்கள். புண் தானாக வளரும்.

மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு. பி12 சத்து குறைந்து, கால் மரப்பதும் மனம் தளர்வதும் அதனாலேயே வரலாம். சோதித்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்துவிடுவார்கள். சோதிக்காதீர்கள்.

7. கண்? வலிக்கிறதா? இல்லையே. அப்புறம் எதற்கு வருடம் ஒருமுறை பரிசோதனைக்கென்று மருந்து விட்டுக்கொண்டு அரை நாள் மங்கலாக உட்கார வேண்டும்? சிறுநீரகத்துக்கும் இதே நியாயம்.

8. மருந்தில் கொள்கை வேண்டும்.

இன்சுலினைத் தண்டனையாகப் பாருங்கள். "ஊசிக்குப் போயிட்டாரா? அப்ப கடைசி ஸ்டேஜ்" என்று சொல்லும் உறவினரை அடிக்கடி வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மனநல மருத்துவர் என்ற பேச்சு வந்தால், "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறியா?" என்று எழுந்துவிடுங்கள். அவர் தரும் மாத்திரை பழக்கமாகிவிடும் என்று பயப்படுங்கள். அதே கையோடு, உண்மையிலேயே பழக்கமாகக்கூடிய தூக்க மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் அரைத்துண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்குப் படுக்கையறையில் சிக்கல் வரும். சர்க்கரையிலும் வரும், சோர்விலும் வரும். உங்கள் டாக்டரிடம் மூச்சுவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் இருக்கும், லாட்ஜ் ரூம் நம்பரோடு.

9. உங்களைக் கெடுக்க நினைப்பவர்களிடம் எச்சரிக்கை.

சென்னை உட்பட நம் நாட்டில் நான்கு சர்க்கரை மருத்துவமனைகளில், சர்க்கரையும் மனச்சோர்வும் ஒன்றாக இருந்த 404 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு, கூடவே ஒரு ஒருங்கிணைப்பாளர். எப்படி இருக்கிறீர்கள், மாத்திரை போட்டீர்களா என்று தொடர்ந்து விசாரித்து, மனநல மருத்துவரோடும் கலந்துபேசி டாக்டருக்குச் சொல்லும் ஆள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அந்த மறு பாதியில் கூடுதலான பேருக்கு மனமும் தேறி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியிருந்தது. விசாரிக்க ஒரு ஆள் இருந்தாலே நம் திட்டம் ஆட்டம் கண்டுவிடுகிறது, கவனியுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் போனில் பதியாதீர்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசும் கேட்க மாட்டார்கள்.

10. டாக்டர் முன்னால்.

இரண்டு மணி நேரம் டோக்கனோடு காத்திருந்து மூன்று நிமிடம் கிடைக்கும். ரிப்போர்ட்டை நீட்டுங்கள். அவர் எழுதிக்கொண்டே, "வேற ஏதாவது தொந்தரவு?" என்பார். ஆபத்தான கேள்வி. தலையை நிமிர்த்தி, இரண்டு வாரமாக எதிலாவது ஈடுபாடு இருக்கிறதா, மனசு விட்டுப்போன மாதிரி இருக்கிறதா என்று அவர் கேட்டுவிட்டால் குட்டு உடைந்துவிடும். முதற்கட்டச் சோதனைக்கு அந்த இரண்டு கேள்வியே போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் "ஒண்ணுமில்ல சார்" சொல்லிவிடுங்கள்.

கூட வந்த மனைவி, "சார், இவர் கொஞ்ச நாளா..." என்று ஆரம்பித்தால், "அவளுக்கு எல்லாத்துக்கும் பயம் சார்" என்று சிரியுங்கள். அவரும் சிரிப்பார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார். போகாதீர்கள்.